நூறு மீட்டர் கோடு: நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டத் தடை எங்கிருந்து வந்தது?

மாமல்லபுரத்திலோ, தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றியோ சொந்த மனை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எண் மனப்பாடம்: 100 மீட்டர். பட்டா தங்கள் பெயரில் இருக்கும், வீட்டு வரி ரசீதும் கையில் இருக்கும், பிளானும் விதிப்படிதான் இருக்கும். ஆனாலும் மாடி எடுக்க முடியாது. "தொல்லியல் துறை தடை" என்று அவ்வப்போது செய்தி வரும்போது இரண்டு விதமான கோபம் எழுகிறது. மக்கள் வாழ வேண்டாமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. ஆயிரம் ஆண்டுக் கல்லை விட உங்கள் மாடி பெரிதா என்று மறுதரப்பு கேட்கிறது.

இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஆனால் இந்தக் கோடு எந்தச் சின்னத்துக்குப் பொருந்தும், எங்கிருந்து அளக்க வேண்டும், யார் எப்போது போட்டது என்பது பேசுபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அது தெரிந்தால் சண்டையின் இடமே மாறும் என்பது என் கருத்து. 100 மீட்டர் என்பது ஒவ்வொரு சின்னத்தையும் நேரில் பார்த்து முடிவு செய்த தூரம் கிடையாது. நிர்வாக அறிவிக்கை ஒன்றில் நாடு முழுமைக்கும் ஒரே எண்ணாகப் பிறந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து சட்டத்துக்குள் ஏறியது. அப்படி ஏற்றிய அதே சட்டம், ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக விதி எழுத வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதி கறாராக நடக்கிறது. இரண்டாவது பாதி பெரும்பாலான சின்னங்களுக்கு இன்னும் நடக்கவில்லை.

முதலில், எந்தச் சின்னம்?

பழைய கட்டடம் எல்லாமே ஒரே சட்டத்தின் கீழ் வருவதில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை இதைப் பிரித்து வைத்திருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள் மத்தியப் பட்டியலில் 67-வது இனம். மற்ற நினைவுச்சின்னங்கள் மாநிலப் பட்டியலில் 12-வது இனம். தேசிய முக்கியத்துவம் பெறாத தொல்லியல் களங்கள் பொதுப் பட்டியலில் 40-வது இனம். இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் தமிழ்நாட்டில் நான்கு வகை கிடைக்கும்.

1. மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் உள்ளவை. மாமல்லபுரச் சின்னங்கள், தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம், வேலூர்க் கோட்டை இந்த வகை. தமிழ்நாட்டில் இவை 400-க்கு மேல். 100 மீட்டர் தடை இந்த வகைக்கு மட்டுமே உரியது.

2. மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் உள்ளவை. மதுரை திருமலை நாயக்கர் மகால் இதற்கு உதாரணம். இவற்றுக்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

3. இந்து சமய அறநிலையத் துறை நிர்வகிக்கும் கோயில்கள். கோயில் எவ்வளவு பழமையானதாக இருந்தாலும், அறிவிக்கை வெளியாகாத வரை அது சட்டப்படி "பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்" ஆகாது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் மத்தியத் தொல்லியல் துறைப் பட்டியலில் இல்லை. அந்தக் கோயிலைச் சுற்றி 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு மாநில அரசு போட்டது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

4. எந்தத் தொல்லியல் பட்டியலிலும் இல்லாத, ஆனால் ஊரின் அடையாளமாக நிற்கும் கட்டடங்கள். சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இப்படிப்பட்டது. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கியபோது தடுத்து நிறுத்தியது சென்னை உயர் நீதிமன்றம். தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டும், இந்த வகைக் கட்டடங்களுக்கான பாதுகாப்பு இன்னும் நோஞ்சானாகவே இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இனி பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

கோடு இல்லாத காலம்

இந்தியாவில் பழைய கட்டடங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. வங்காளத்தில் 1810-லும் சென்னை மாகாணத்தில் 1817-லும் போட்ட ஒழுங்குமுறைச் சட்டங்களின் நோக்கம், கோயில், பள்ளிவாசல், சத்திரம், பாலம் ஆகியவற்றுக்கான மானியச் சொத்தின் வருமானம் வேறு வழியில் போய்விடக் கூடாது என்பதுதான். அதாவது, அப்போதைய கவலை கணக்கு வழக்கைப் பற்றியது. கல்வெட்டும் சிற்பமும் அதில் வரவில்லை. 1863-ஆம் ஆண்டின் சமய அறக்கொடைச் சட்டத்தில்தான், பழமைக்காகவோ வரலாற்று, கட்டடக்கலைச் சிறப்புக்காகவோ பேர்பெற்ற கட்டடங்கள் சேதமாகாமல் தடுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்ற பிரிவு வந்தது. அலெக்சாண்டர் கன்னிங்காம் தலைமையில் தொல்லியல் அளவீட்டுப் பணி 1861-ல் தொடங்கியிருந்தது.

உண்மையான திருப்பம் வைஸ்ராய் கர்சன் காலத்தில் வந்த 1904-ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். அரசிதழில் அறிவித்தால் ஒரு கட்டடம் "பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்" ஆகிவிடும் என்ற முறை அங்கே தொடங்குகிறது. இன்று நாம் பார்க்கும் பட்டியலில் பெரும்பகுதி அந்தச் சட்டத்தின் கீழ், 1947-க்கு முன்னால், வெள்ளைக்கார அதிகாரிகளின் பார்வையில் எது முக்கியமோ அதை வைத்துத் தயாரானது. சோழர் கோயில்களும் அதில் உண்டு. கம்பெனி அதிகாரிகளின் கல்லறைகளும் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலை யாரும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி எடைபோடவில்லை. 1951-ஆம் ஆண்டின் சட்டம், 1904 சட்டப்படி மத்திய அரசு பாதுகாத்து வந்தவற்றை மொத்தமாகத் "தேசிய முக்கியத்துவம் உடையவை" என்று அறிவித்தது. 1958-ஆம் ஆண்டின் சட்டம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. இன்றும் நடைமுறையில் இருப்பது இந்த 1958 சட்டம்தான். அதன்படி புதிதாக ஒன்றை அறிவிக்க வேண்டுமானால் அது குறைந்தது 100 ஆண்டு பழமையானதாக இருக்க வேண்டும். இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணை கேட்க வேண்டும்.

1958 சட்டத்தின் மூல வாசகத்தில் 100 மீட்டர் என்ற பேச்சே கிடையாது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு உள்ளே கட்டக் கூடாது என்று இருந்தது. எல்லைக்கு வெளியே என்ன செய்வது என்பதை 1959-ஆம் ஆண்டின் விதிகள் சொல்லின: தேவைப்படும் சின்னத்துக்கு அருகிலுள்ள பகுதியை "தடை செய்யப்பட்ட பகுதி" என்றோ "ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி" என்றோ மத்திய அரசு அறிவிக்கலாம். இதில் ஒரு நல்ல அறிவு இருந்தது. இடத்தைப் பார்த்து, தேவையைப் பார்த்து முடிவு செய் என்பதே அதன் பொருள்.

1992 ஜூன் 16

நகரங்கள் பெருகின, கோட்டை மதிலை ஒட்டியே கடைகளும் வீடுகளும் எழுந்தன. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனியாக வரைபடம் போட்டு அறிவிப்பது என்ற வேலை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1992 ஜூன் 16 அன்று மத்திய அரசு ஒரே அறிவிக்கையில் நாடு தழுவிய கோட்டைப் போட்டது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அதாவது அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். கட்டுமானத்தோடு சுரங்கம், குவாரி வேலைக்கும் இது பொருந்தியது.

இந்த எண்ணின் எடையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மனை அளவே உள்ள சின்னம் என்று வைத்துக்கொண்டால்கூட, அதைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் ஏறக்குறைய 7.75 ஏக்கர். 300 மீட்டர் வரை எடுத்தால் சுமார் 70 ஏக்கர். ஒற்றைக் கல்லறைக்கும் இந்தக் கணக்குதான். பரந்த கோட்டையாக இருந்தால் அதன் நான்கு பக்க எல்லையிலிருந்தும் அளப்பதால் பரப்பு இன்னும் பல மடங்கு. அடர்ந்த ஊருக்கு நடுவே இருக்கும் சின்னத்துக்கு 70 ஏக்கர் என்றால் பல தெருக்கள் அதில் அடங்கிவிடும். வயல்வெளியில் நிற்கும் சின்னத்துக்கோ, குவாரி வெடிக்குப் பக்கத்தில் இருக்கும் குடைவரைக்கோ அதே 300 மீட்டர் போதாமலும் போகலாம். ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இருப்பது ஒரே எண்ணை எல்லோருக்கும் போடுவதன் இயல்பு.

அதே சமயம், இந்தக் கோடு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நகருக்குள் இருக்கும் பல சின்னங்கள் இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே தேடிக் கண்டுபிடிக்கும் நிலைக்குப் போயிருக்கும். முரட்டுத்தனமான கருவிதான். ஆனால் அன்று கையில் வேறு கருவி இல்லை.

டெல்லி வழக்கும் 2010 சட்டமும்

அறிவிக்கை வந்தபின் அடுத்த கட்டம், விதிவிலக்கு. 100 மீட்டருக்குள் கட்ட அனுமதி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 2006-ல் தொல்லியல் துறை ஒரு நிபுணர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. குழு பரிந்துரைத்தால் துறை அனுமதி கொடுக்கும்.

இது டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஹுமாயூன் கல்லறைக்கு அருகே ஒரு நிறுவனம் கட்டிய கட்டடம் பற்றிய வழக்கு. 2009 அக்டோபர் 30 அன்று வந்த தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது: 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று அறிவிக்கை சொல்கிறது. விதிவிலக்குக் கொடுக்கும் அதிகாரத்தைச் சட்டமோ விதியோ யாருக்கும் தரவில்லை. இல்லாத அதிகாரத்தை ஒரு குழு அமைத்து உண்டாக்கிக்கொள்ள முடியாது. எனவே அந்தக் குழுவுக்கும், அது கொடுத்த அனுமதிகளுக்கும் சட்ட அடிப்படை இல்லை.

இந்த ஒரு தீர்ப்பால், அதுவரை கொடுத்த அனுமதிகள் எல்லாம் ஆட்டம் கண்டன. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கான வேலைகள் டெல்லியில் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. 2010 ஜனவரியில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மார்ச்சில் அது திருத்தச் சட்டமானது. அந்தத் திருத்தம் மூன்று காரியங்களைச் செய்தது. குழுவின் பரிந்துரையில் ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளைச் செல்லும் என்றது. இனிமேல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் எதற்கும், பொதுப்பணியாக இருந்தாலும், அனுமதி கிடையாது என்று பூட்டுப் போட்டது. அப்புறம், தேசிய நினைவுச்சின்ன ஆணையம் என்ற புது அமைப்பை உருவாக்கியது.

அறிவிக்கையை மாற்ற ஓர் அமைச்சகம் போதும். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். 2010-ல் கோடு சட்டத்துக்குள் போனதன் முழுப் பொருள் இதுதான். இன்று உள்ளூர் அதிகாரியிடம் போய் "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை, அவரிடம் அந்த அதிகாரமே இல்லை. டெல்லி ஜந்தர் மந்தர் அருகேயுள்ள சொத்து தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றமும் தொல்லியல் துறையின் பக்கம் நின்றது.

இன்று சட்டம் சொல்வது

பிரிவுகள் 20ஏ முதல் 20கியூ வரை 2010-ல் சேர்ந்தவை. வீட்டுக்காரர் ஒருவருக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

1. கட்டுமானம் என்றால் புது வீடு மட்டும் இல்லை. இருக்கும் கட்டடத்தை மேலே உயர்த்துவதும், பக்கவாட்டில் நீட்டுவதும் சட்டப்படி கட்டுமானமே. மாடி எடுப்பது தடைக்குள் வருவது இதனால்தான்.

2. சாக்கடை, பொதுக் கழிப்பறை, பொதுக் குடிநீர், மின்சாரம் போன்ற வேலைகளைக் "கட்டுமானம்" என்ற வரையறையிலிருந்து சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. தொல்லியல் தடை இருப்பதால் தெருவுக்குக் குழாய் போட முடியவில்லை என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவின்படி என்று கேளுங்கள்.

3. 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். ஆனால் அந்த வீடு 1992 ஜூன் 16-க்கு முன்னால் இருந்ததாகவோ, பின்னர் முறையான அனுமதியோடு கட்டியதாகவோ இருக்க வேண்டும். அதனால் பழைய வரி ரசீது, மின் இணைப்புக் கடிதம், பத்திரம் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் அந்தத் தேதிக்கு முன் வீடு இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

4. பழுதுபார்ப்பதும் திரும்பக் கட்டுவதும் வேறு வேறு. பழைய வீட்டை அடியோடு இடித்துவிட்டு அதே அளவில் மீண்டும் கட்டினால்கூட அது "மறுகட்டுமானம்". 100 மீட்டருக்குள் அதற்கு விண்ணப்பிக்கச் சட்டம் வழி வைக்கவில்லை. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: பழைய ஓட்டு வீடுதானே, இடித்துவிட்டுக் கட்டலாம் என்று இடித்துவிடுகிறார்கள். இடித்தபின் கையில் இருப்பது வெறும் மனை, அதில் எதுவும் எழுப்ப முடியாது.

5. 100 மீட்டர் முடிந்து அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், திரும்பவும் கட்டலாம். முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம் மாநிலத்துக்கென நியமித்த தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போகும். அவர் 15 நாளுக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவு தர வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் பிளான் அப்ரூவல் இதற்குப் பதிலாகாது, இரண்டும் தனித்தனி.

6. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2010-க்கு முன் சின்னத்தையே சேதப்படுத்தியவருக்குக்கூட மூன்று மாதம் சிறை, 5,000 ரூபாய் அபராதம் என்பதே உச்சம். மீறலுக்குத் துணைபோகும் அதிகாரிக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று தனிப் பிரிவும் உண்டு.

7. 100 மீட்டரை ஆணையத்தின் பரிந்துரையோடு மத்திய அரசு அதிகமாக்கலாம். குறைக்க வழி கிடையாது.

எங்கிருந்து அளப்பது?

இந்த விவகாரத்தில் அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் மிக முக்கியமான கேள்வி இது. கோபுரத்திலிருந்தா, மதிலிலிருந்தா, தொல்லியல் துறையின் வேலியிலிருந்தா? சட்டம் சொல்வது, பாதுகாக்கப்பட்ட பகுதியின் அல்லது சின்னத்தின் எல்லையிலிருந்து. அந்த எல்லை எது என்பதை முடிவு செய்வது அரசிதழ் அறிவிக்கை. அதில் ஊர், புல எண், பரப்பு என்ன எழுதியிருக்கிறதோ அதுவே அளவின் தொடக்கம்.

பல அறிவிக்கைகள் நூறு ஆண்டுக்கு முந்தையவை என்பதுதான் சிக்கல். புல எண்கள் மாறியிருக்கும். ஒன்று நான்காக உட்பிரிவு ஆகியிருக்கும். கிராமம் நகராட்சிக்குள் போயிருக்கும். சில அறிவிக்கைகளில் சின்னத்தின் பெயரும் ஊரும் மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடும். பத்து மீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு குடும்பத்தின் வீடு தடைக்குள் போவதும் வெளியே நிற்பதும் இருக்கும்போது, அந்த ஒரு வரியை வைத்து என்ன செய்வது?

ஆவணம் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை மத்தியத் தணிக்கைத் துறை 2013-ல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. தொல்லியல் துறையோடு சேர்ந்து 1,655 சின்னங்களை நேரில் போய்ப் பார்த்தார்கள். 92 சின்னங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பிறகு துறை தேடியதில் 42 கிடைத்தன. 14 நகர வளர்ச்சியில் அழிந்திருந்தன, 12 அணை நீரில் மூழ்கியிருந்தன, 24 எங்கே என்றே தெரியவில்லை. பட்டியலில் தேசிய முக்கியத்துவம், தரையில் ஒன்றும் இல்லை. 2024-ல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க மத்திய அரசு நடவடிக்கை எடுத்தது. அதற்குள் எத்தனையோ பட்டியல்களில் அவை "பாதுகாக்கப்பட்டவை" என்று அச்சாகி முடிந்திருந்தன.

இஸ்ரோவின் உதவியோடு எல்லைகளைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் குறிக்கும் வேலை நடந்து வருகிறது. நல்ல முயற்சி. ஆனால் வரைபடத்தின் புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வது அந்தப் பழைய அறிவிக்கையும் வருவாய்த் துறைப் பதிவேடும்தான். உங்கள் மனைக்குத் தடை என்று கடிதம் வந்தால் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த அறிவிக்கையின் நகலையும், எல்லை காட்டும் வரைபடத்தையும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தூரத்தை நில அளவையரை வைத்து அளந்து காட்டும்படியும் கேளுங்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு கல்லறை

இந்தச் சட்டத்தின் எல்லா முடிச்சுகளும் ஒரே இடத்தில் விழுந்த வழக்கு சென்னையில் நடந்தது, அதுவும் உயர் நீதிமன்றத்தின் வாசலிலேயே.

பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்தை ஒட்டி, உயர் நீதிமன்ற வளாகத்தில் 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று உயர்ந்து நிற்கிறது. சென்னையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், சிறு வயதில் இறந்த தன் மகன் டேவிட்டுக்கும், தன் நண்பர் ஜோசப் ஹின்மர்ஸுக்கும் எழுப்பியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். கம்பெனிக் காலத்தில் அந்த இடம் ஆங்கிலேயரின் இடுகாடு. 1758-59-ல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது இங்கிருந்த கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டதால், பின்னர் இடுகாட்டை அப்புறப்படுத்தி, கல்வெட்டுகளைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் கல்லறை இடம் மாறாமல் நின்றது.

1921-ல் இது 1904 சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆனது. 1951-ல் மொத்தப் பட்டியலோடு சேர்ந்து தேசிய முக்கியத்துவம் பெற்றது. 1958-ல் அப்படியே தொடர்ந்தது. 2010-ல் 100 மீட்டர் சட்டமானபோது, நெரிசல் மிகுந்த நீதிமன்ற வளாகத்தின் ஒரு பகுதி தடைக்குள் விழுந்தது. அங்கே பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டும் திட்டம் இதனால் தடைபட்டது. விவகாரம் ரிட் மனுவாக அதே நீதிமன்றத்துக்கு வந்தது. 2023 ஜூனில் தனி நீதிபதி, இந்தக் கல்லறைக்குத் தொல்லியல் மதிப்போ வரலாற்று முக்கியத்துவமோ இல்லை என்று கூறி, நான்கு வாரத்தில் வேறிடத்துக்கு மாற்ற உத்தரவிட்டார். தொல்லியல் துறை மேல்முறையீட்டுக்குப் போனது.

நீதிபதி எழுப்பிய கேள்வி சரியான கேள்வி: 1921-ல் ஒரு காலனி அதிகாரி முக்கியம் என்று நினைத்தது இன்றும் தேசிய முக்கியத்துவமா? ஆனால் அதற்கான விடையைத் தேடும் வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சின்னம் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டது என்று கருதினால் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு அதை நீக்கலாம் என்கிறது 35-வது பிரிவு. 2024-ல் 18 சின்னங்களுக்குப் பின்பற்றியது அந்த வழிதான். பட்டியலை மறு ஆய்வு செய்யும்படி நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2023-ல் வலியுறுத்தியது. அந்த வேலையை அரசு முறையாகச் செய்தால், நடுவில் இருக்கும் வண்டி நிறுத்தும் தேவை ஒரு சின்னத்தின் தலையெழுத்தை முடிவு செய்யாது. என்னைக் கேட்டால், யேலின் மகன் கல்லறை அங்கேயே இருக்கட்டும் என்பேன். சென்னை என்ற ஊர் உருவான முதல் நூற்றாண்டிலிருந்து தரைக்கு மேலே மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். அதற்கு 300 மீட்டர் வட்டம் வேண்டுமா என்றால், வேண்டாம்.

விதிவிலக்கா, தனி விதியா?

கோட்டைத் தளர்த்த இதுவரை நடந்த பெரிய முயற்சி 2017-ல் வந்த திருத்த மசோதா. மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு மட்டும் 100 மீட்டருக்குள் அனுமதி தரலாம் என்பது அதன் சாரம். 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போனது. 2019-ல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. அது சட்டமாகாமல் போனது நல்லது. ஓட்டு வீட்டுக்காரர் ஒரு மாடி எடுக்கக் கூடாது, மேம்பாலம் மட்டும் வரலாம் என்பது எந்த நியாயத்திலும் அடங்காது. சின்னத்தின் அடித்தளத்தை அதிகம் உலுக்குவது எது என்று பார்த்தால், மேம்பாலத்தின் அஸ்திவாரம்தான்.

பிற நாடுகளில் வேறு வழிகளும் உண்டு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் அடுக்குமாடி கட்ட நகர நிர்வாகம் மறுத்தபோது, உரிமையாளரான ரயில் நிறுவனம் வழக்குப் போட்டது. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே கட்ட முடியாத பரப்பளவை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை அந்த நிறுவனத்துக்கு இருந்தது என்பது. இழப்பு இருந்தாலும், அதற்கு ஈடாக ஏதோ ஒன்று கையில் கிடைத்தது. நமது 1958 சட்டத்தில் 100 மீட்டருக்குள் இருக்கும் மனைக்காரருக்கு இப்படி மாற்றித் தரும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஊர் முழுதும் பெருமைப்படும் ஒரு கோயிலின் செலவை அதைச் சுற்றியிருக்கும் சில நூறு குடும்பங்கள் மட்டும் சுமப்பது சரியில்லை. சட்டத் திருத்தம் என்று ஒன்று வருமானால் முதலில் வர வேண்டியது இந்த ஈடு.

திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. 20இ பிரிவின்படி ஒவ்வொரு பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கும் தனியாக மரபுத் துணைவிதிகள் எழுத வேண்டும். தகுதிவாய்ந்த அதிகாரி, இன்டாக் போன்ற மரபுப் பாதுகாப்பு நிபுணர் அமைப்புகளோடு கலந்து தயாரிப்பார். ஆணையம் ஒப்புதல் தந்தபின் நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். சுற்றுப்புறக் கட்டடங்களின் உயரம், முகப்பு, கூரை வடிவம், சாலை, வடிகால், மின்கம்பம் என்று அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி இவற்றில் எழுதலாம். 100 மீட்டர் தடையை இந்த விதிகளால் குறைக்க முடியாது. ஆனால் அடுத்த 200 மீட்டரில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒவ்வொரு விண்ணப்பமும் டெல்லியின் மனநிலையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கும் நிலையில், விதிகள் முடிவானவை அதில் சிறு பங்கே.

வரைவு தயாரானதும் ஆணையம் அதை இணையத்தில் வெளியிட்டு மக்களின் கருத்தும் ஆட்சேபணையும் கேட்கிறது. உங்கள் ஊர்ச் சின்னத்தின் வரைவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் மூன்றைச் சரிபாருங்கள்: பாதுகாக்கப்பட்ட எல்லை என்று காட்டியிருக்கும் புல எண்கள் மூல அறிவிக்கையோடு ஒத்துப்போகின்றனவா, ஏற்கெனவே இருக்கும் வீடுகளும் தெருக்களும் வரைபடத்தில் இருக்கின்றனவா, சொல்லியிருக்கும் உயர வரம்பு தெருவில் இன்று இருக்கும் கட்டடங்களோடு பொருந்துகிறதா. தவறு இருந்தால் புல எண்ணோடும் ஆவண நகலோடும் எழுத்தில் அனுப்புங்கள், பஞ்சாயத்தோ நகராட்சியோ தீர்மானம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. வரைவே வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று தகுதிவாய்ந்த அதிகாரியிடம் கேட்டு எழுதுங்கள். அதை எழுத வேண்டியது 2010-லிருந்தே அவருடைய சட்டக் கடமை.